கொசுறாக வந்த சான்றிதழ்

எபோவின் தலையில் பவுடர் கொட்டப்பட்டபோது அவன் எந்தத் தேர்விலும் தேறியிருக்கவில்லை. தேர்வு எழுதியிருக்கவும் இல்லை. சொல்லப்போனால் அவன் இன்னும் எதிலும் சேர்ந்திருக்கவே இல்லை.

துறைமுக ஊரான தகோராடியில் ஒருவர் தலையில் வெள்ளைப் பவுடர் கொட்டுவது விளையாட்டுக் காரியம் அல்ல. வழக்கில் ஜெயித்து வெளியே வருகிறவருக்குக் கொட்டுவார்கள். சுகமாகப் பிள்ளை பெற்று வீடு திரும்புகிறவளுக்குக் கொட்டுவார்கள். மூன்று வருஷம் தையல் கடையில் ஊசி கோத்து, திட்டு வாங்கி, கடைசியில் முதலாளியம்மாள் கையால் சான்றிதழ் வாங்குகிறவளுக்கு டப்பா டப்பாவாகக் கொட்டுவார்கள். எதையாவது கடந்து வந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. எபோ அன்றைக்குக் கடந்து வந்தது மார்க்கெட் வட்டத்துப் போக்குவரத்தை மட்டும்.

எபோவுக்கு வேலை எக்குபன் என்பவரின் ஜெராக்ஸ் கடையில். ஊரில் யார் எந்த வேலைக்கு மனுப் போட்டாலும் அது அவன் விரல் வழியாகத்தான் போகும். 'கடின உழைப்பாளி, எந்த நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவர்' என்று அவன் கண்ணை மூடிக்கொண்டே அடிப்பான். அப்படி அடித்துக் கொடுத்ததற்கு அந்த நாட்டுக் காசில் ஐந்து சீடி அதிகம் கேட்டுவிட்டான் என்று ஒருவர் நாற்காலியைத் தூக்கியது உண்டு. சான்றிதழ்களுக்கு பிளாஸ்டிக் உறை ஒட்டிக் கொடுப்பதும் அவன்தான். நர்ஸ் படிப்பு, கேட்டரிங், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி எதுவானாலும் சூடான இயந்திரத்துக்குள் போய் வெளியே வரும்போது ஒரே வாசனைதான் அடிக்கும். அத்தனை பேருடைய சான்றிதழுக்கும் உறை போட்டவனுக்கு உறை போட ஒன்றும் இல்லை என்பதில் எபோவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

கடை அடைத்த பிறகு அவன் அங்கேயே உட்கார்ந்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைப் பார்த்து நிரல் எழுதப் பழகினான். எக்குபன் அதற்குச் சம்மதித்தார்; கடையைப் பெருக்கிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கணினி கடையுடையது. அதில் அடைப்புக்குறிப் பொத்தானை இரண்டு விரலால் குத்தினால்தான் விழும். நிரலாளர்களுக்கு அடைப்புக்குறி எவ்வளவு தேவை என்பதை அந்தப் பொத்தானைச் செய்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் அவனுடைய பெரியம்மா அராபாவிடம் கொடுத்து வைத்திருந்தான். அது இப்போது ஆறாயிரம் சீடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்தப் பணத்துக்கு இரண்டில் ஒன்றைச் செய்யலாம். ஒன்று, நல்ல நிலைமையில் உள்ள பழைய மடிக்கணினி வாங்கலாம். அல்லது 'ஹைட்ஸ் கோட் அகாடமி'யில் ஆறு மாதம் படித்து, நிரலாக்கச் சான்றிதழ் வாங்கலாம். இரண்டும் ஒரே விலைதான். மடிக்கணினி இருந்து சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை கேட்கப் போகிற இடத்தில் காவலாளியைத் தாண்ட முடியாது. சான்றிதழ் இருந்து மடிக்கணினி இல்லாவிட்டால் காவலாளியைத் தாண்டி உள்ளே போய் என்ன செய்வது என்று தெரியாது.

அதைத் தீர்மானிக்கத்தான் அவன் அன்று அகாடமியின் அறிமுகக் கூட்டத்துக்குப் போனான். மெத்தைக் கடைக்கு மேலே முதல் மாடியில் அகாடமி. இயக்குநர் குவெய்சன், கோட்டு போட்டு வியர்த்துக்கொண்டே உலகம் எங்கே போகிறது என்று விளக்கினார். உலகம் மெத்தைக் கடைக்கு மேலேதான் வந்துகொண்டிருந்தது. இங்கே படித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எபோ கேட்டான். அவர் நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு அடுத்த கையைப் பார்த்தார். சேருகிறவர்கள் அவரவர் மடிக்கணினியைக் கொண்டுவர வேண்டும் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைத்தார்.

பிறகு ஆசிரியர் என்கெட்சியா திரையில் ஒரு நிரலை ஓட்டிக் காட்டினார். அது ஓடவில்லை. மறுபடி ஓட்டினார். மின்விசிறிதான் ஓடியது. கடைசி வரிசையில் இருந்த எபோ தயங்கித் தயங்கி எழுந்து, நாலாவது வரி ரெண்டு எழுத்து உள்ளே தள்ளி உக்காந்திருக்கு சார் என்றான். ஆசிரியர் அதை நகர்த்தினார். நிரல் ஓடியது. கூட்டம் ஆசிரியருக்குக் கை தட்டியது.

போகும்போது எல்லாருக்கும் மால்ட் பானம், இறைச்சி அடைத்த பலகாரம், கூடவே ஒரு கெட்டித் தாள். தாளைச் சுற்றித் தங்க நிறத்தில் கொடி ஓடியது. மேலே 'சான்றிதழ்' என்று உள்ளங்கை அகலத்துக்கு எழுத்து. நடுவில் எபெனேசர் குவாமினா அர்த்தர் என்று அவனுடைய முழுப் பெயர். அதற்குக் கீழே, எறும்பு வரிசை மாதிரி, 'அறிமுகக் கூட்டத்தில் கலந்துகொண்டமைக்காக' என்று ஒரு வரி. வரவேற்பு மேசையில் இருந்த எவுராமா என்ற பெண்தான் பெயர்களை எழுதிக் கொடுத்தாள். அழகான கையெழுத்து.

எபோ அதை மடிக்க மனமில்லாமல் கையில் விரித்தபடியே வீட்டுக்கு வந்தான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

பெரியம்மா முற்றத்தில் உட்கார்ந்து கென்கே செய்யப் புளித்த சோள மாவை வாழைச் சருகில் பொதிந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். கண்ணாடி அடுப்படியில் கிடந்தது. பெரிய எழுத்தைப் படித்தாள். பெயரைப் படித்தாள். எறும்பு வரிசையை எறும்பு என்றே விட்டுவிட்டாள். பிறகு நிமிர்ந்து அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அவள் மனசில் ஓடியதை எபோ பிற்பாடுதான் புரிந்துகொண்டான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் சான்றிதழ் என்பது கடைசியில் வருவது. இவன் மூன்று வருஷமாகக் கடை அடைத்த பிறகும் வீட்டுக்கு வராமல் எங்கேயோ உட்கார்ந்து என்னவோ பழகுகிறான். தையல்காரிக்கும் மூன்று வருஷம். முடி பின்னுகிறவளுக்கும் மூன்று வருஷம். எல்லாம் சரியாகத்தான் பொருந்தியது.

அவள் உள்ளே போய் டப்பாவோடு வந்தாள். பக்கத்துக் குடித்தனப் பெண்கள் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். எபோ உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துப் பவுடர் கொட்டியது. ஒரு வாய் பவுடரோடு உண்மையையும் விழுங்கிவிட்டு அவன் இருமினான். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மறுநாள் காலையில் இதைச் சரிசெய்து விடலாம் என்று இருந்தான். சனிக்கிழமைக்குள் பணம் கட்டினால்தான் இடம். அவன் தீர்மானித்தும் விட்டான்; படிப்புதான், வகுப்புக்கு மடிக்கணினியை யாரிடமாவது இரவல் கேட்டுக்கொள்ளலாம். கடையில் அவன் அடிக்கிற வேலை விளம்பரம் ஒவ்வொன்றிலும் 'உரிய சான்றிதழ் அவசியம்' என்று இருக்கிறது. மற்றவர்களுக்கு உறை போட்டது போதும். ஆனால் அவன் பணம் என்று வாயெடுப்பதற்கு முன்னால் பெரியம்மாவே அந்தப் பேச்சை எடுத்தாள்.

"உன் பணத்த எடுத்து வச்சுட்டேண்டா. தையக்காரி தேறினா மெஷின் வாங்கிக் குடுக்கறோம். கொத்தனுக்குக் கரண்டி. உனக்கு அந்த மடியில வக்கிற பொட்டிதான?"

"ஆமா பெரியம்மா. ஆனா இன்னொரு படிப்பும்..."

"பவுடர் கொட்டின பிறகு என்னடா படிப்பு? கல்யாணம் முடிஞ்சு பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி."

எபோ கென்கேயைப் பிட்டு மிளகாய்க் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டான். சான்றிதழ் வாங்கப் பணம் வேண்டும். பணம் கேட்டால் சான்றிதழ் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் முற்றமே சேர்ந்து பாடியது கலந்துகொண்டமைக்காக என்று ஆகிவிடும். இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு வந்து, நீதான் இப்ப இன்ஜினியராச்சே, படம் வருது சத்தம் வரல, பாரேன் என்றார். எபோ ரிமோட்டை வாங்கி ஒரு பொத்தானை அழுத்தினான். சத்தம் வந்தது. அவனுடைய தகுதி ஊருக்கு நிரூபணமாகிவிட்டது.

வியாழக்கிழமை அவன் அகாடமிக்குப் போனான். சான்றிதழ் அந்த விலை பெறுமா என்று அங்கே படித்த யாரையாவது கேட்டுவிட வேண்டும் என்பது எண்ணம். குவெய்சன் வெளியே போயிருந்தார். எவுராமா மேசையில் இருந்தாள். இங்கே முதலில் படித்துத் தேறியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான்.

"நாந்தான்," என்றாள் அவள்.

"வேலை கிடைச்சுதா அக்கா?"

அவள் மேசையைத் தட்டிக் காட்டினாள். "இது என்னவாம்?"

எபோ மரியாதைக்காகத் தலையாட்டினான். அவள் அவனை விட நாலைந்து வயது மூத்தவள். ஒளித்துப் பேசுகிற சுபாவம் இல்லை. படிப்பு மோசமில்லை என்றாள். தானாகப் படித்தால் அங்கங்கே ஓட்டை விழும், இங்கே அதை அடைத்துவிடுவார்கள். சான்றிதழைக் காட்டியதால் ஒரு வங்கியில் காவலாளி உள்ளே விட்டான். காகிதம் இல்லாமல் வந்த இரண்டு பேரை வாசலோடு அனுப்பினான், அதையும் கண்ணால் பார்த்தாள்.

"அப்புறம் ஏங்க்கா வேலை ஆகல?"

"உக்கார வச்சு ஒரு கணக்கு குடுத்து, எழுதிக் காட்டுன்னாங்க. கை வரல தம்பி. படிப்பு முடிஞ்சு எட்டு மாசமா நான் ஒரு வரி எழுதல."

"ஏன்?"

"எதுல எழுத? மெஷின வித்துத்தான கடைசித் தவணை பீஸ் கட்டினேன்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் சுய இரக்கம் எதுவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இன்னொன்றும் சொன்னாள். ஆசிரியர் என்கெட்சியா திங்கட்கிழமையே தலைநகர் அக்ராவில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே அவரிடம் காகிதமே கேட்கவில்லையாம்; எழுதிக் காட்டச் சொன்னார்களாம், காட்டினாராம். குவெய்சன் இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். சனிக்கிழமை பணம் கட்டுகிற நாள்.

எபோ படியிறங்கி வந்து மெத்தைக் கடை வாசலில் நின்றான். வாசலைத் தாண்ட ஒரு காகிதம், வாசலைத் தாண்டியபின் ஒரு மெஷின். இரண்டும் ஒருத்தனிடம் இருப்பதற்கு அவன் இன்னொரு மூன்று வருஷம் கடையைப் பெருக்க வேண்டும். அது வரைக்கும் முற்றத்தில் இருக்கிற எல்லாத் தொலைக்காட்சிக்கும் சத்தம் வர வைத்துக்கொண்டிருக்க வேண்டும். எதை வாங்கினாலும் பெரியம்மாவிடம் பொய் சொல்லி வாங்கியதாகத்தான் இருக்கும் என்பது, யோசிக்க யோசிக்க, விலையை விட அதிகமாக உறுத்தியது.

அன்று சாயங்காலம் அவன் சொல்லிவிட்டான். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எறும்பு வரிசையைப் படித்தாள்.

"கலந்துக்கிட்டதுக்கா?"

"ஆமா பெரியம்மா."

"எவ்வளவு நேரம் கலந்துக்கிட்ட?"

"ஒன்றரை மணி நேரம் இருக்கும். மால்ட் குடுத்தாங்க."

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். மாவைப் பிசைந்தாள். திட்டினால் தேவலை என்று எபோவுக்கு இருந்தது.

"படிக்கிறதுக்கு முன்னாடி சர்டிபிகேட் குடுக்கற ஊரு எங்கடா இருக்கு?" என்று கடைசியில் கேட்டாள். கோபம் அவன் மேல் இல்லை போலிருந்தது. "மார்க்கெட்ல சாமான் வாங்கினாத்தான் கொசுறு. சாமானே வாங்காதவனுக்குக் கொசுறு குடுத்து அனுப்பியிருக்கான். சனிக்கிழமை நானும் வரேன். அவன் கடைய நான் பாக்கணும்."

"அது கடை இல்ல பெரியம்மா."

"காசு வாங்கறானா?"

"வாங்கறார்."

"அப்ப கடைதான்."

சனிக்கிழமை அராபா தேவாலயத்துக்குக் கட்டுகிற உடுப்பைக் கட்டிக்கொண்டு மெத்தைக் கடைக்கு மேலே ஏறினாள். குவெய்சன் எழுந்து நின்று வரவேற்றார். அவள் உட்கார்ந்து, மேசையில் இருந்த கையேட்டை, பழுத்த வாழைப்பழத்தை அமுக்கிப் பார்ப்பது போல விரலால் அமுக்கிப் பார்த்தாள். இருபது வருஷமாகச் சோள வியாபாரிகளிடம் பேரம் பேசியவள். குவெய்சன் உலகம் எங்கே போகிறது என்று ஆரம்பித்தார். அது அங்கேயே போகட்டும் என்று அவள் கையமர்த்தினாள்.

"ஐயா, காகிதம் வேணாம், படிப்பு மட்டும்னா என்ன விலை?"

அப்படித் தனித்தனியாக விற்பதில்லை அம்மா என்றார் அவர்.

"சரி. படிப்பு வேணாம், காகிதம் மட்டும்னா?"

குவெய்சன் திடுக்கிட்டு, அது சட்டப்படி குற்றம் என்றார். அராபாவுக்கு அதில் திருப்தி. அப்போ விலை முழுசும் படிப்புக்குத்தான், காகிதம் கொசுறுதான் என்று அவரையே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள். பிறகு நிதானமாகச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"சாமான் எங்க?"

"எதும்மா?"

"படிப்பு. சொல்லிக் குடுக்கறவரு. ஆறாயிரம் குடுத்து வாங்கறேன், ஒரு தடவ பாத்துக்கறேன்."

குவெய்சன் கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினார். ஆசிரியர் சிறிய விடுப்பில் இருப்பதாகச் சொன்னார். அராபா வரவேற்பு மேசைப் பக்கம் திரும்பி, அப்படியாம்மா என்றாள். எவுராமா கூரையைப் பார்த்தாள். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை. அறையில் இருந்த எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

பிறகு குவெய்சன் நாற்காலியில் சரிந்து, மனுஷனாக ஆனார். பதினான்கு பேர் பணம் கட்டியிருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை வகுப்பு, புது ஆசிரியர் வர ஒரு மாதமாவது ஆகும், திருப்பிக் கொடுக்கலாம் என்றால் பணம் வாடகைக்குப் போய்விட்டது என்று உள்ளதைச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் எபோவைப் பார்த்து நிறுத்தினார்.

"நாலாவது வரின்னு சொன்னது நீதான தம்பி?"

அதற்கப்புறம் நடந்தது வியாபாரம். அது பெரியம்மாவின் துறை. எபோ ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆரம்பப் பாடங்களை அவன் நடத்துவது. புது ஆசிரியர் வந்ததும் மேல் பாடங்களுக்கு அவனே மாணவனாக உட்காருவது. அவன் கட்ட வேண்டிய கட்டணமும் அவனுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளமும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். காகிதம் கொசுறு. தேர்வில் தேறினால்தான் காகிதம் என்றார் குவெய்சன், விட்டுப்போன கௌரவத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு. தேறலன்னா குடுக்காதீங்க, எங்க வீட்ல ஏற்கனவே ஒண்ணு இருக்கு என்றாள் அராபா. படியிறங்கும்போது அவள் எபோவிடம் சொன்ன ஒரே விஷயம், பணம் அப்படியே இருக்கிறது, பொட்டி வாங்கப் போகலாம் என்பதுதான்.

மடிக்கணினி வந்தது. அதில் அடைப்புக்குறி ஒரு விரலுக்கே விழுந்தது. முதல் வாரம் எபோ பழக்க தோஷத்தால் இரண்டு விரலால் குத்தி, எங்கே பார்த்தாலும் இரட்டை அடைப்புக்குறியாகப் போட்டுக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்த பிறகு அதை எவுராமாவிடம் ஒரு மணி நேரம் விட்டு வைப்பான். அவளும் மறந்து போனதை மெல்ல மெல்லத் தட்டி எழுப்பினாள்.

வருகைப் பதிவில் எபோ இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டான். ஆசிரியர் பக்கத்தில் ஒன்று, மாணவர் பக்கத்தில் ஒன்று. ஒரு மாதத்தில் வர வேண்டிய புது ஆசிரியர் ஐந்தாவது மாதம் வந்தார். அதற்குள் எபோ, தனக்குத் தெரியாததை முதல் நாள் கற்று மறுநாள் சொல்லிக்கொடுத்து, மேல் பாடங்களிலும் பாதியைத் தாண்டியிருந்தான். தேர்வுக் கேள்விகளை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, வந்தவருக்குப் பாடங்கள் இன்னும் பழகவில்லை என்று அதையும் அவனிடமே தள்ளினார்கள். அவன் தாளை மட்டும் எவுராமா திருத்துவது என்று ஏற்பாடு. ஒரு நியாயம் வேண்டாமா?

கேள்வித்தாள் எழுத உட்கார்ந்தவனுக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது. கடைசிக் கேள்வியை யாராலும் லேசில் போட முடியாதபடி எழுதினான். தேர்வன்று அவனாலும் போட முடியவில்லை. எவுராமா நூற்றுக்கு எழுபத்தொன்று போட்டாள். அந்தக் கேள்வியை முழுசாகப் போட்டவர்கள் வகுப்பில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை எபோ ரொம்ப நாள் சந்தேகத்தோடு பார்த்தான்.

உண்மையான சான்றிதழில் தங்கக் கொடி கிடையாது. வெறும் கறுப்புக் கோடு, தாளும் சுமார்தான். எக்குபன் காசு வாங்காமல் உறை போட்டுக் கொடுத்தார். அதே வாசனைதான் அடித்தது. வீட்டில் பெரியம்மா கண்ணாடி போட்டு, பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாவற்றையும் படித்தாள். பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டுக் கென்கே பொதியப் போனாள். எபோ கொஞ்ச நேரம் தலையைக் காட்டிக்கொண்டு நின்று பார்த்தான்.

"என்னடா நிக்கற? அது அப்பவே கொட்டியாச்சு."

அடுத்த அறிமுகக் கூட்டத்தில் குவெய்சன் கோட்டு போட்டுக்கொண்டு உலகத்தைப் பற்றிப் பேசினார். திரையில் நிரலை ஓட்டிக் காட்டுவது எபோ. முன் வரிசையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தெருவில் மருந்துக் கடை நடத்துகிறவள். கேள்வி நேரத்தில் நேராக எபோவைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, இதப் படிச்சா வேலை கிடைக்குமா?"

குவெய்சன் நல்ல கேள்வி என்று ஆரம்பித்தார். அம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. எவுராமா பேனாவை மூடினாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் அந்த மேசையில் இருக்கப் போவதில்லை. துறைமுகத்துச் சரக்குக் கம்பெனி ஒன்றில் காவலாளியையும் தாண்டி, கணக்கையும் எழுதிக் காட்டிவிட்டு வந்திருந்தாள்.

எபோ யோசித்தான். "வீட்டுல மெஷின் இருக்கா அம்மா?"

"இருக்கு. மகனோடது."

"அத வித்துறாதீங்க. அப்புறம் படிக்கலாம்."

கூட்டம் முடிந்து எல்லாரும் மால்ட் குடித்தார்கள். அம்மாள் தன் பெயர் எழுதிய தங்கக் கொடித் தாளை வாங்கி, தூக்கிப் பிடித்து அழகு பார்த்தாள். அதை விரித்த கையோடு படியிறங்கப் போனவளை எபோ ஓடிப்போய் நிறுத்தினான்.

"உள்ள வச்சுக்கிட்டுப் போங்கம்மா," என்றான். "வழியில யார் கிட்டயும் காட்டாதீங்க."